ஐந்தாவது வரி

ராசா,

இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் உன்னுடைய ரீச்சர் என்னை மறித்து, "உங்கள் தம்பி வந்து சேர்ந்துவிட்டாராமே! கிழக்கு பேர்ளினில் இருந்து கப்பலில் வந்தவராம்" என்று முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. கோட்டை மேட்டடிக்கு வந்த பிறகு நீ கையை உதறி உதறிப் பார்த்தாய். "வீட்டுக் கதை ஒண்டும் வெளியிலை கதைக்கக் கூடாது. மாமா எந்தப் பக்கத்தாலை வந்தவர், அப்பா எங்கை வேலை, எங்கட முழுப் பேர் என்ன, ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது" என்றேன். நீ நிமிர்ந்து பார்த்து "வோஃபோ?" என்றாய். ஏன் என்று தமிழில் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நீ. ஆனால் உண்மையிலேயே பதில் வேண்டுமென்றால் உனக்கு இப்போது டேனிஷ்தான் வருகிறது. "அம்மா சொன்னா அவ்வளவுதான்" என்று உன் வாயை அடைத்துவிட்டேன்.

அது பதில் இல்லை. பதில் நீளமானது, ஆறு வயதுக்குள் அடங்காது. ஆகவே இதை வளர்ந்துவிட்ட உனக்கு எழுதுகிறேன். மீசை வைத்திருப்பாயோ, இதைத் தமிழில் நீயே வாசிப்பாயோ, யாரையாவது கொண்டு வாசிப்பிப்பாயோ, ஒன்றும் தெரியாது. டென்மார்க்கில் இருக்கும் எங்கள் ஆட்கள் கையால் எழுதிப் படியெடுத்து வீடு வீடாக அனுப்புகிற சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதினால் நல்லது என்றார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பயப்படத்தான் தெரியும். அதையே எழுதுகிறேன், மற்றவர்களும் வாசிக்கட்டும். அடுத்த மாதம் நாங்கள் பிராண்டே என்ற ஊருக்குக் குடிபோகிறோம். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. இந்தப் பிரெடெரிசியாவை விட்டுப் போவதற்கு முன், கீழ்வீட்டு லுட்மிலாவுக்கும் எங்களுக்கும் நடந்ததை உனக்குச் சொல்லி வைக்க வேண்டும். உனக்கு அவ கசகசா வைத்த கேக் தருகிற வெள்ளைத்தலை மனுசி என்ற அளவில்தான் நினைவிருக்கும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்கள் மாடிக் கட்டடத்திலேயே கதவில் பெயர் ஒட்டாத ஒரே வீடு எங்களுடையது. கதவில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரன் கடிதம் போடமாட்டான் என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒட்டவில்லை. கொழும்பில் கலவரத்தின்போது தமிழரின் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஒருநாள் எங்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் கட்டடக் காவலாளியிடம் வாங்கிக்கொண்டு லுட்மிலா மேலே ஏறி வந்தா. "பெயரில்லாத கதவைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நானும் வந்த புதிதில் இப்படித்தான் வைத்திருந்தேன்" என்றா. ரஷ்யப் போர்த் தாங்கிகள் செக் நாட்டின் பிராக் நகருக்குள் வந்த பிறகு அங்கிருந்து தப்பி வந்தவவாம். பென்சன் எடுக்கும்வரை இங்கே ஒரு நூலகத்தில் வேலையாம். அவவோடு கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான், இடையிடையே டேனிஷ். எனக்கு அது தமிழிலேயே நினைவில் நிற்பதால் அப்படியே எழுதுகிறேன். அவ போனதும் அப்பா கதவைப் பூட்டினார். "இஞ்சேரும், முத்திரையைப் பாத்திருப்பா. எங்களுக்கு எங்கையிருந்து கடிதம் வருகுதெண்டு இப்ப அவவுக்குத் தெரியும்."

"அந்த மனுசிக்கு அது என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டு தெரிஞ்சா நான் ஏன் பயப்பிடுறன்?"

சிரிக்காதே. அந்தக் கேள்வியை இன்றும் பிழை என்று சொல்லமாட்டேன்.

லுட்மிலாவிடம் ரெலிபோன் இருந்தது, எங்களிடம் இல்லை. என்னிடம் ஆங்கிலமும் தட்டச்சும் இருந்தன. பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பழகியிருந்தேன். அவ தன் மொழியில் எழுதி வைத்திருந்த புத்தகத்தை உடைந்த ஆங்கிலத்தில் சொல்லுவா. நான் அதைத் திருத்தித் தட்டச்சுச் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக எங்களுக்கு வரும் அழைப்புகள் அவவின் வீட்டுக்கு வரலாம். நல்ல ஏற்பாடு என்று பட்டது. ஏற்பாடு நல்லதாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. நாங்கள் யாரோடு என்ன கதைக்கிறோம் என்று கேட்பதற்குத்தான் ரெலிபோனைத் தருகிறாவோ என்று முதல் கிழமையே நினைத்தேன்.

புத்தகம் எதைப் பற்றி என்றால், கிரேக்கத் தீவுகளிலும் துருக்கியின் கரையோரங்களிலும் பழைய ஊர்களைத் தோண்டப் போன முதல் செக்காரர்களைப் பற்றி. பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்திமார். வியன்னாவில் இருந்து கிடைத்த உதவியில், கோவேறு கழுதையில், காய்ச்சலோடும் குடையோடும் திரிந்தவர்கள். அவர்களுக்குச் சொந்தமாக நாடு இருக்கவில்லை, ஓஸ்திரியப் பேரரசின் குடிகள். ஆகவே பெரிய ஆட்களின் தோண்டலில் அளக்கிற வேலையும் படியெடுக்கிற வேலையும் இவர்களுக்கு. வரைபடம் கீறினால் உளவாளி என்று துருக்கிக் காவலர் பிடிப்பார்கள். நிலத்தை அளந்தால் புதையல் தேடுகிறான் என்று ஊரார் கல்லெறிவார்கள். இதைச் சொல்லும்போது லுட்மிலாவின் குரலில் ஒரு பெருமை ஏறும். எனக்கோ ஏறவில்லை. ஊரில் உயர்தர வகுப்பில் நான் கிரேக்க உரோம நாகரிகம் படித்தவள். எங்கள் நோட்ஸில் ஜெர்மன்காரன் இருந்தான், இங்கிலீஷ்காரன் இருந்தான், பிரெஞ்சுக்காரன் இருந்தான். செக்காரன் ஒருத்தனும் இல்லை. நோட்ஸில் இல்லாத ஆள் உலகத்திலும் இல்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்; சோதனையில் நல்ல பெறுபேறும் எடுத்தவர்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப உவ கதை விடுறா. ஆராய்ச்சி எண்டு சொல்லிக்கொண்டு ஆக்களைப் பற்றி எழுதி ஆருக்கோ குடுக்கிறா" என்றார்.

பொறுக்காமல் ஒருநாள் அவவிடமே கேட்டேன். "உங்கள் ஆட்கள் ஒருவருடைய பெயரும் நான் படித்ததில் வரவில்லையே?"

"படித்திருப்பீர். ஓஸ்திரியன் என்று படித்திருப்பீர். ஜெர்மன் மொழியில் எழுதினார்கள், பெயரையும் ஜெர்மன்காரர் எழுதுகிற மாதிரி எழுதினார்கள். உம்முடைய தம்பி இங்கே வந்தால் அவரை எந்த நாட்டுக்காரர் என்று பதிவார்கள்?"

தம்பி வரப்போகிறான் என்று நான் அவவுக்குச் சொல்லவே இல்லை. ரெலிபோனில் நான் தமிழில் கதைத்தபோது 'பேர்ளின்' என்ற சொல்லையும் 'தம்பி' என்ற சொல்லையும் பிடித்து வைத்திருக்கிறா. உன்னைத்தான் 'தம்பி, தம்பி' என்று நான் கூப்பிடுகிறேன் என்று முதலில் நினைத்தாவாம். பிறகு ஒருநாள் உன்னிடமே கேட்டாவாம். கேக்கும் தந்திருப்பா. நீ எல்லாம் சொல்லியிருப்பாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். மண்ணைத் தோண்டுகிறவர்களைக் கண்டால் பயப்படுவது எனக்கு இங்கே வந்து பிடித்த நோய் அல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு காணிக்குள் பழைய செங்கல் வெளிவந்தது என்றால் காணிக்காரர் முதல் வேலையாக வேலியை அடைப்பார். அளவு நாடா பிடித்துக்கொண்டு வருகிறவனுக்குப் பின்னால் அடுத்து யார் வருவார்கள், இது தமிழருடைய ஊரே இல்லை என்று எந்தப் பத்திரிகையில் எழுதுவார்கள் என்று தெரியாது. செங்கல்லை இரவோடிரவாகக் கிணற்றுக்குள் போட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் லுட்மிலாவின் புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஆள் எந்த வாத்தியாரும் இல்லை, தீவிலே இருந்த ஒரு பெண். வாத்தியார் தேடி வருகிறார் என்று கேள்விப்பட்டதும், எழுத்து இருந்த கல்லைப் புரட்டி, எழுத்துப் பக்கத்தை மண்ணுக்குள் வைத்து, மேலே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளாம். "நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்" என்றேன். லுட்மிலா பெரிதாகச் சிரித்தா. "அவளுக்கு விஷயம் தெரியும். கப்பல் வைத்திருந்த நாட்டுக்காரர் கல்லையே தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுடையவர்களிடம் கப்பல் இல்லை. தாளில் படியெடுத்துக்கொண்டு போனார்கள்."

"கப்பல் இருந்திருந்தால்?"

"கல்லைத்தான் கொண்டுபோயிருப்பார்கள். அவர்களைப் புனிதர் ஆக்காதேயும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்ததால் இன்னும் கவனமானேன். பிடித்த பதிலை எடுத்துத் தருகிறவர்களிடம் கவனமாயிரு, ராசா. அவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். நல்லவர்களா என்று பார்த்துக்கொள்.

படியெடுப்பது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. கல்லைக் கழுவி, தடித்த தாளை நனைத்து அதன்மேல் விரித்து, கட்டையான மயிர் பிரஷ்ஷால் அடி அடியென்று அடிப்பார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். காயவிட்டு உரித்தால் எழுத்து தாளில் புடைத்து நிற்கும். மை கிடையாது, நிறம் கிடையாது. நேரே பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால்தான் நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த கல்லை வாத்தியார் கடைசியில் கெஞ்சிக் கூத்தாடிப் புரட்டிப் படியெடுத்தாராம். அது ஒரு கல்லறைக் கல். தோண்டலுக்குத் தலைவராயிருந்த பெரியவர் அதில் நான்கு வரி என்று புத்தகம் போட்டார். வாத்தியாரோ, கீழே தேய்ந்துபோன ஐந்தாவது வரி ஒன்று உண்டு, இங்கே கிடக்கிறவன் இந்தத் தீவான் இல்லை, வெளியூரவன் என்று அது சொல்கிறது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூரவனின் கண்ணுக்கு வெளியூரவன்தான் தெரிவான் என்று பெரியவர்கள் சிரித்தார்களாம். கல்லைப் பிறகு ஊரார் சுண்ணாம்புக்கு எரித்துவிட்டார்கள். மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான். பிராக்கில் லுட்மிலாவின் பழைய சிநேகிதி ஒருத்தியின் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது.

அதைத்தான் லுட்மிலா கேட்டா. தம்பி கிழக்கு பேர்ளினில் வந்து இறங்கி, துறைமுகத்துக்கு ரெயிலும் அங்கிருந்து டென்மார்க் கப்பலும் பிடிக்கக் காத்திருந்த நாட்களில். சிநேகிதி பேர்ளினுக்கு வரலாம், ஆனால் இந்தப் பக்கம் வர முடியாது. தபாலில் போட்டால் திறப்பார்கள், மடிப்பார்கள். நாட்டைவிட்டு ஓடினவளுக்கு அனுப்பியதற்காக அனுப்பியவளின் வேலையும் போகும். "உம்முடைய தம்பி அந்தத் தாளைச் சுருட்டி வைத்த குழாயைக் கொண்டுவருவாரா? பயமென்றால் வேண்டாம். நானாயிருந்தால் மறுத்திருப்பேன்" என்றா.

அப்பா குதித்தார். "கொம்யூனிஸ்ட் நாட்டிலை இருந்து ஓடி வந்தவ, கொம்யூனிஸ்ட் நாட்டுக்குள்ளை நிக்கிற எங்கட பொடியனைக் கொண்டு சாமான் கடத்தச் சொல்லுறா. உமக்கு விளங்கேல்லையே? அவன் பிடிபட்டா திரும்பக் கொழும்புதான். கொழும்பிலை இறங்கினா என்னெண்டு தெரியுந்தானே?" எனக்கு விளங்கியது. இங்கே அகதிச் சட்டத்தை இறுக்கப் போகிறார்கள் என்று வானொலியில் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவன் ஏறாவிட்டால் பிறகு வழியில்லை. ஆனால் அவன் அழைப்பது அவவுடைய ரெலிபோனுக்கு. வேண்டாம் என்று சொன்ன அடுத்த நாள் ரெலிபோன் மணி அடிக்காமல் போனால்? கடைசியில் தம்பியிடமே சொன்னேன்: ஒரு மனுசி தாள் ஒன்று தருவா, திறந்து பார், பிடிக்காவிட்டால் வாங்காதே. அவன் என்னைவிட இளையவன், பயமறியாதவன். "அக்கா, இவ்வளவு தூரம் ஒண்டுமில்லாமல் வந்தனான். ஒரு கடுதாசி பாரமே?" என்றான்.

வந்து சேர்ந்தான். அகதிக் காம்பில் போய்ப் பார்த்தபோது உன்னைத் தூக்கிச் சுழற்றினானே, அங்கே அவனுடைய கட்டிலுக்கு அடியில்தான் குழாய் கிடந்தது. "துறைமுகத்திலை ஒருத்தன் உருவி எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தான் அக்கா. ஒண்டுமில்லை. மணந்தும் பாத்தான். பிறகு 'பாப்பியர்' எண்டான், வெறுங் கடுதாசி எண்டு. நானும் 'பாப்பியர்' எண்டு தலையாட்டினன். விசரன் எண்டு நினைச்சு விட்டிட்டான். கல்லிலை நனைச்சு எடுத்ததாமே? எங்கட வீட்டிலையும் உப்பிடி நனைச்ச கடுதாசி கனக்கக் கிடந்ததே, கூரை ஒழுகி!" அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எல்லைக் காவலன் ஒன்றும் காணவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா, அல்லது காண முடியாதபடி இருக்கிறது என்று அர்த்தமா? தம்பியின் அகதி விண்ணப்பத்துக்குப் பொலிஸ் விசாரணை இனித்தான். குழாயை வீட்டுக்கு எடுத்துவந்தேன், ஆனால் அந்தத் தாள் என்னவென்று தெரியாமல் நான் அதை லுட்மிலாவின் கையில் கொடுக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மேல்வீட்டு மேரி அக்கா மன்னாரில் கொன்வென்டில் தங்கிப் படித்தவ. விஷயத்தை முழுதாகச் சொல்லாமல், வெற்றுத் தாளில் எழுத்தை மறைக்க வழியிருக்கிறதா என்று கேட்டேன். "எடி பிள்ளை, இது தெரியாதே? தேசிக்காய்ப் புளியிலை எழுதினா காஞ்ச பிறகு ஒண்டும் தெரியாது. சூடு காட்டினாத் தெரியும். மதர் எங்கட கடிதமெல்லாம் உடைச்சு வாசிப்பா, நாங்கள் கோட்டுக்கு மேலை வேதம் எழுதி, கோட்டுக்குக் கீழை காதல் எழுதுவம்" என்று தொடையில் தட்டிச் சிரித்தா. "ஆருக்கடி எழுதப் போறாய்? உன்ர மனுசனுக்குத் தெரியுமே?"

அன்றைக்குப் பகல், நீ பள்ளிக்கூடத்தில், அப்பா வேலையில். மேசையில் போர்வை விரித்து, தாளை வைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கினேன். மேலே எழுத்துப் புடைத்திருந்தது கைக்குத் தெரிந்தது, அதில் கை வைக்கவில்லை. கீழே கிட்டத்தட்ட வெறுமையாக இருந்த பகுதியில்தான் மறைத்து எழுதுவார்கள் என்று அங்கே ஆரம்பித்தேன். ஒரு தடவை தேய்த்தேன், ஒன்றும் வரவில்லை. தாள் ஓரத்தில் சுருண்டது. உன் அப்பாவின் சேட்டுக்குச் செய்கிற பழக்கத்தில், யோசியாமலே விரலால் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். பழுப்பு நிறத்தில் எழுத்து வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சூடு ஆறியபின் விரலால் தடவினேன். கீழ்ப்பகுதி சேட்டின் முன்பக்கம் மாதிரி மட்டமாக, வழுவழுவென்று இருந்தது. அப்போதுதான், நானே தட்டச்சுச் செய்த பக்கம் நினைவுக்கு வந்தது. ஐந்தாவது வரி, கீழே, தேய்ந்துபோனது.

சந்தேகப்பட்டது பிழை என்று நான் சொல்ல வரவில்லை, ராசா. சந்தேகந்தான் எங்களை உயிரோடு இங்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் சந்தேகமென்றால் அந்த ஆளிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் தாளிடம் கேட்டேன். ஆளிடம் கேட்டால் பொய்யாவது சொல்லுவார். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு ஏதாவது யோசிக்கலாம். தாளுக்கு என்னிடம் இருந்து தப்பத் தெரியவில்லை.

குழாயையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். படியில் இறங்கும்போது ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பேர்ளினிலேயே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம். எல்லைக் காவலன் கசக்கினான் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தக் கிழமைதான் தம்பிக்குச் சொல்லியிருந்தேன். காம்பில் ஆளுக்காள் கதை சொல்லிக் கொடுக்கிறார்கள், இப்படிச் சொல், அப்படிச் சொல், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்று. "நீ கண்டதை மட்டும் சொல்லு, காணாததைக் கண்டதெண்டு சொல்லாதை" என்று அவனுக்குப் புத்தி சொன்ன வாய் இது. கதவு திறந்ததும் நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன்.

லுட்மிலா தாளை மேசையில் விரித்து, திரைச்சீலையை இழுத்து மூடி, மேசை விளக்கைச் சரித்துப் பக்கவாட்டில் பிடித்தா. மேலே வரிகள் எழுந்து நின்றன, மண்ணில் கோழி நடந்த மாதிரி. கீழே ஒன்றுமில்லை. விளக்கை இந்தப் பக்கம் வைத்தா, அந்தப் பக்கம் வைத்தா. பிறகு கதிரையில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னா.

"தேய்ப்பதற்கு முன் கீழே என்ன இருந்தது?"

"பருப்பருவாய் ஏதோ இருந்தது."

"எழுத்தா?"

அவவுக்கு என்ன மறுமொழி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அத்தியாயத்தைத் தட்டச்சுச் செய்தவள் நான். ஓம் என்ற ஒரு சொல். அதைக் கொடுத்தால் செத்துப்போன வாத்தியாருக்கும் நியாயம் கிடைக்கும், என் பிழையும் பாதி கழுவுப்படும். "எழுத்தாயும் இருக்கலாம், கல்லின் சொரசொரப்பாயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் எழுத்தைத் தேடவில்லை, மறைத்த மையைத் தேடினேன்" என்றேன்.

"என்னை உளவாளி என்று நினைத்தீர்."

"ஓம்."

"எப்போதிருந்து?"

"முதல் நாளில் இருந்து."

அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "நீர் வீட்டுக்குப் போன பிறகு நான் கார்பன் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன், ஏதாவது குறைகிறதா என்று. கொழும்பில் எங்கள் நாட்டுத் தூதரகம் இருக்கிறதல்லவா? அங்கே யாரையாவது உமக்குத் தெரியுமோ என்றும் யோசித்திருக்கிறேன்." சிரிப்பு வர வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை. அவ என்னை மன்னித்தாவா என்று கேட்கிறாயா? நான் கேட்கவில்லை, அவ சொல்லவுமில்லை. அந்தக் கிழமை முழுவதும் உனக்குக் கேக் வரவில்லை. நீ என்னிடம் கோபித்துக்கொண்டாய்.

அதற்கடுத்த கிழமை கூப்பிட்டா. தட்டச்சுப் பொறியில் தாள் ஏற்றி வைத்திருந்தா. அடிக்குறிப்பு ஒன்று எழுத வேண்டும் என்றா: 'ஐந்தாவது வரி இருந்ததாகச் சொல்லப்படுகிறது, தாள் பழுதடைந்ததால் இனிச் சரிபார்க்க முடியாது.' தட்டினேன். அதோடு நிறுத்தச் சொன்னா. யார் பழுதாக்கியது என்று எழுத வேண்டாமா என்று கேட்டேன்.

"எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் அங்கே ஒன்றுமே இருக்கவில்லை, அது தெரிந்துவிடும் என்று நானே அழித்தேன் என்பார்கள். நானாயிருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்." தட்டச்சுப் பொறிப் பக்கம் குனிந்தா. "ஆனால் உம்முடைய தம்பியின் விசாரணை முடியவில்லை. 'அயலவர் ஒருவர்' என்று போடும்."

அயலவர் ஒருவர் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். பெயரில்லாத அயலவரை அவவே உண்டாக்கியிருக்கலாம் என்றுதான் சொல்லுவேன். இவ்வளவு காலமும் எங்கள் பெயர் யார் கையில் அகப்படுமோ என்று நான் பயந்த அந்த மனுசி, இப்போது என் பெயரைக் கேட்காமல் இருப்பதற்காகத் தன் புத்தகத்தைச் சந்தேகத்துக்கு விடுகிறா. இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். தோன்றட்டும் என்று விட்டுவிட்டு, தட்டச்சுப் பொறியை என் பக்கம் இழுத்தேன். என் பெயர், என் தகப்பன் பெயர், என் புருஷன் பெயர், பிரெடெரிசியா என்ற ஊர்ப் பெயர், ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர், எல்லாவற்றையும் எழுதினேன். தேய்ப்பதற்கு முன் ஏதோ புடைப்புக் கண்டதாகவும், அது எழுத்தென்று சொல்ல முடியாதென்றும் எழுதினேன். தம்பியின் பெயரை எழுதவில்லை. அது அவன் கொடுக்க வேண்டியது, நான் அல்ல. லுட்மிலா வாசித்துப் பார்த்து, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கோப்பில் வைத்தா.

அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். "உமக்கு விசரே?" என்றார். எழும்பி யன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார். "அச்சிலை வருமே?"

"வந்தா வரும்."

"என்ர பேரையும் போட்டனீரே?"

"ஓம்."

திரும்பவும் யன்னலடிக்குப் போனார். பிறகு, "சரியா எழுதினனீரே? இஞ்சை எல்லாரும் பிழையாத்தான் எழுதுறாங்கள்" என்றார்.

ஆகவே, மகனே, அந்தப் புத்தகம் எப்போதாவது வெளிவந்து, ஏதாவது ஒரு நூலகத்தில் உன் கையில் அகப்பட்டால், ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், பழைய தாளை ஸ்திரிக்கை போட்டுக் கெடுத்த ஒரு பெண்ணைக் காண்பாய். அது நான். என்னை ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. பெயரை நானே கொடுத்தேன். ஐந்தாவது வரி இருந்ததா என்று நீ என்னிடம் கேட்பாய், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லுவேன். நம்புவதும் விடுவதும் உன் பாடு. நம்ப முடியாவிட்டால் என்னுடைய அலுமாரியைத் திறந்து பார்க்காதே, அப்பாவையும் மாமாவையும் தனித்தனியே விசாரிக்காதே. எனக்கு எத்தனை வயதாகியிருந்தாலும் சரி, எதிரில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எந்த மொழியில் வாய் வருகிறதோ அந்த மொழியில் கேள்.

அம்மா